விழுந்த பிறகு

சங்கராபுரத்தில் டீக்கடை பெஞ்சியில் நாலு இளைஞர்கள் ஒரு கைப்பேசியின்மேல் கவிந்துகொண்டு சிரிக்கிறார்கள் என்றால், அநேகமாக யாரோ எங்கோ விழுந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தூக்கியவன், மாடிக்கு மாடி தாவியவன், பாறையிலிருந்து அருவியில் குதித்தவன் - இவர்களுடைய வித்தை பிசகிய கணங்களை மட்டும் பொறுக்கிப் பத்து நிமிஷப் படமாக ஒட்டி வைத்திருக்கிறார்கள். இதைக் குப்பை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற ஒன்றை அப்படி ஒதுக்க எனக்குச் சம்மதமில்லை.

பிறர் விழுவதைப் பார்த்துச் சிரிப்பது ஈனம் என்று உபதேசம் பண்ணவும் உத்தேசமில்லை. கழைக்கூத்தாடியைச் சுற்றி நிற்கிற கூட்டத்தின் மனசிலும், இவன் விழுவானோ என்கிற எண்ணம் ஒரு மூலையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவன் விழுந்தால் மேளம் நின்றுவிடும். நாலு பேர் ஓடிப்போய்த் தூக்குவார்கள். கைப்பேசியில் மேளம் நிற்பதே இல்லை. உடம்பு தரையைத் தொட்ட மறுகணம் கத்தரித்துவிட்டு அடுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். என் புகாரெல்லாம் இந்தக் கத்தரியின்மேல்தான்.

1912 பிப்ரவரி 4-ஆம் தேதி பாரிஸில் பிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையல்காரர், தாமே தைத்த பாரசூட் உடையோடு ஐஃபெல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். 57 மீட்டர் உயரம். போலீஸார் அனுமதி கொடுத்தது பொம்மையைப் போட்டுச் சோதிப்பதற்கு, குதித்தது அவரே. இறந்துபோனார். அன்று எடுத்த செய்திப் படம் இன்றும் கிடைக்கிறது. விபத்துத் தொகுப்புகளில் அவர் விழுகிற துண்டு மாத்திரம் வரும். முழுப் படத்தில் என்னை உலுக்கியது அதுவல்ல. கைப்பிடிக் கம்பியருகே ஏறி நின்று அவர் தயங்குகிறார். கீழே குனிந்து பார்க்கிறார், நிமிர்கிறார், மறுபடி குனிகிறார். வெகுநேரம் போவது போலிருக்கிறது. விழுந்த பிறகோ, மண்ணில் உண்டான பள்ளத்தின் ஆழத்தை அளந்து பார்க்கிறார்கள்! ஒரு நாவலாசிரியனுக்கு வேண்டியதெல்லாம் அந்தத் தயக்கத்திலும் அந்த அளவுகோலிலும் இருக்கிறது. தொகுப்பாளருக்கு இரண்டும் வேண்டாதவை.

நம் பக்கத்துச் சங்கதியும் அப்படியே. 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகில் நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கப்போய் யூடியூபர் டிடிஎஃப் வாசன் தூக்கியெறியப்பட்டார். கை முறிந்தது. ஒரு மாதத்துக்கு மேல் சிறை. ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த உயர்நீதிமன்ற நீதிபதி, வண்டியைக் கொளுத்திவிடலாம் என்று கடிந்துகொண்டார். ஓட்டுநர் உரிமம் 10 வருஷத்துக்கு முடக்கப்பட்டது. பையன்களிடம் சுற்றிவந்ததோ சில விநாடிப் படம். அதில் வண்டி மட்டுமே புரள்கிறது. கல்வராயன் மலைப்பாதை வளைவில் வண்டியைச் சாய்க்கிற பையன் அந்த விநாடிகளைப் பார்த்தவன். அந்த 10 வருஷத்தை யாரும் அவனுக்குப் படம் பிடித்துக் காட்டவில்லை.

காட்டினால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கலாம். ஜாக்கி சான் காட்டியிருக்கிறார். 'ஆர்மர் ஆஃப் காட்' படத்துக்காக யூகோஸ்லாவியாவில் மரத்துக்குத் தாவியபோது கீழே விழுந்து அவருடைய மண்டையோடு உடைந்தது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த விபத்தும் வருகிறது, அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களும் வருகிறார்கள். அவர் படங்களில் அந்தக் கடைசிப் பகுதிக்காகவே ரசிகர்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.