என்டிஏ விண்ணப்பம்: வயது அரசாங்கக் கணக்கு, முடிவு யார் கணக்கு?

புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் மோதுவது கணக்குப் பாடத்தில் இல்லை, வயதுக் கணக்கில். பயிற்சி தொடங்கும் நாளில் பதினாறரை வயது முடிந்திருக்க வேண்டும், பத்தொன்பதரை தாண்டியிருக்கக் கூடாது. யுபிஎஸ்சி இதை வயதாகச் சொல்லாமல் தேதியாகவே சொல்லிவிடுகிறது. 2024 முதல் தேர்வுக்கு 2 ஜூலை 2005க்கு முன்னால் பிறந்திருக்கக் கூடாது, 1 ஜூலை 2008க்குப் பிறகும் பிறந்திருக்கக் கூடாது. அதே வருஷம் இரண்டாவது தேர்வுக்கு அது 2 ஜனவரி 2006 முதல் 1 ஜனவரி 2009 வரை. சாதி, மாநிலம், அப்பா ராணுவத்தில் இருந்தவர் என்று எதற்கும் ஒரு நாள்கூடத் தளர்வு கிடையாது.

புரோகிராம் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்த விதி பிடித்தமானது. இரண்டு தேதிகளோடு ஒரு தேதியை ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். சிபாரிசுக்கு இடமே இல்லை. என் விமர்சனம் விதியின் கறார்த்தனத்தைப் பற்றியது அல்ல. இவ்வளவு கறாரான விதிக்குள் போகும் தேதி எங்கிருந்து வருகிறது, அதைப் படிவத்தில் எழுதுவது யார் என்பதைப் பற்றியது.

முதலில் தேதி. யுபிஎஸ்சி ஏற்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை மட்டும்தான். ஜாதகம் செல்லாது. பின்னால் மாற்றித் தரச் சொல்லியும் கேட்க முடியாது. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் நம் முந்தைய தலைமுறையில் முக்கால்வாசிப் பேருக்கு மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்தநாள் இருக்கும். அதெல்லாம் ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்தநாள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்றாலும், அதில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி, டிசியில் ஒரு தேதி என்று இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

ஒரு வருஷம் தப்பாக இருந்தால் என்ன நஷ்டம்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பதினோராம் வகுப்பில் இருக்கும்போது விண்ணப்பிக்க முடியாது. ஜூன் 2008 கடைசியில் பிறந்து 2025ல் பிளஸ் டூ முடிக்கிற பையனுக்கு முதல் வாய்ப்பு, பிளஸ் டூ படிக்கும்போது வரும் செப்டம்பர் தேர்வு. அதில் தேறினால் ஜூலை 2025ல் சேரலாம். வருஷத்துக்கு இரண்டு தேர்வு. பத்தொன்பதரைக்குள் கடைசியாகச் சேரக்கூடியது ஜூலை 2027. ஆக மொத்தம் ஐந்து வாய்ப்பு. பள்ளிப் பதிவேட்டில் பிறந்த வருஷம் 2007 என்று விழுந்திருந்தால் இந்த ஐந்து மூன்றாகிவிடும். பையன் படித்தது குறையவில்லை, யாரோ எழுதிய ஒரு இலக்கம் இரண்டு வாய்ப்பைத் தின்றுவிட்டது.

இதற்குப் பெரிய உதாரணம் ஜெனரல் வி.கே.சிங். நாட்டின் ராணுவத் தளபதிக்கே இந்தச் சிக்கல் வந்தது. பள்ளிச் சான்றிதழ்படி அவர் பிறந்தது 10 மே 1951. 1965ல் என்டிஏவுக்காக நிரப்பிய யுபிஎஸ்சி படிவத்திலோ 10 மே 1950. பள்ளியில் ஆசிரியர் ஒருவர் நிரப்பிக் கொடுத்தபோது நேர்ந்த தவறு என்பது அப்போது செய்திகளில் வந்த விளக்கம். ராணுவத்துக்குள்ளேயே ஒரு பிரிவு 1951 என்றும் இன்னொரு பிரிவு 1950 என்றும் பல வருஷம் கோப்பு வைத்திருந்தன. தளபதி பதவி மூன்று வருஷம் அல்லது 62 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. 1951 என்றால் 2013 மார்ச் வரை இருந்திருக்கலாம். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 10 பிப்ரவரி 2012 அன்று அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 31ல் ஓய்வு பெற்றார். யார் சொன்னது சரி என்பதல்ல இங்கே பேச்சு. பள்ளிக்கூடப் பையன் ஒருவனுக்காக நிரப்பப்பட்ட படிவம், 46 வருஷம் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றது. அதுதான் பேச்சு.

அடுத்து, படிவத்தை நிரப்புவது யார்? எந்த ஊர் பிரவுசிங் சென்டரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். "அண்ணாச்சி, பையனுக்கு மிலிட்டரி பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடணும்" என்று அப்பா வந்து நிற்பார். மொபைல் நம்பர் அப்பாவுடையது. மின்னஞ்சல் கடைக்காரர் அங்கேயே உருவாக்கியது, பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். தரைப்படையா, கடற்படையா, விமானப்படையா என்ற விருப்ப வரிசையைக்கூடக் கடைக்காரர் கேட்க, அப்பா சொல்வார். பையன் டியூஷனில் இருப்பான். ஹால் டிக்கெட் தபாலில் வராது, இணையத்தில்தான் எடுக்க வேண்டும். அதற்குத் திரும்ப அந்த நோட்டைத்தான் தேட வேண்டும்.

அப்பாக்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அமைப்பே குழப்பமாகத்தான் பேசுகிறது. உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகரில் 1962லிருந்து இருக்கும் சைனிக் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பில் சேர 10 முதல் 12 வயது. அந்த நுழைவுத்தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்பில் சேர 13 முதல் 15 வயது. அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். பதினாறு வயதில் என்டிஏ என்றால் வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும். அதாவது முடிவு பெற்றோர் கையில் இருக்கும் வயதில் பையனுக்குத் தமிழ் உண்டு, முடிவு அவன் கைக்கு வர வேண்டிய வயதில் தமிழ் இல்லை. அறிவிப்பைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியாத வீடு கடைக்காரரைத்தான் நம்பும். வேறு என்ன செய்யும்?

சட்டமும் இரண்டு மாதிரி பேசுகிறது. 18 ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அதனால் என்டிஏவில் தேர்வானதும் பெற்றோர்தான் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பையன் பாதியில் தானாக விலகினால் பயிற்சிச் செலவை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ திருப்பிக் கட்டுவோம் என்பது அதன் சாரம். அதே பையனை எஸ்எஸ்பி ஐந்து நாள் தனியாக வைத்துச் சோதிக்கிறது. முன்முயற்சி, பொறுப்புணர்வு, தன்னம்பிக்கை என்று பதினைந்து குணங்களைத் தேடுகிறது. எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண் என்றால் எஸ்எஸ்பிக்கும் 900. அங்கே பையன் தன் கையால் ஒரு தகவல் படிவம் நிரப்ப வேண்டும். குடும்பம், படிப்பு, விளையாட்டு, இதற்கு முன் எத்தனை தடவை முயன்றாய் என்று எல்லாம் அதில் வரும். நேர்காணல் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்பும். பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர் என்ன நினைக்கிறார், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று தனித்தனியாக எழுதச் சொல்லும் பகுதியும் உண்டு. விருப்ப வரிசையை அப்பா சொல்லி நிரப்பியிருந்தால், "ஏன் கடற்படையை முதலில் போட்டாய்?" என்ற கேள்விக்குப் பையனிடம் என்ன பதில் இருக்கும்?

என் வாதம் இதுதான். பத்து வயதில் ராணுவப் பள்ளி என்பது பெற்றோரின் முடிவு. அதை மறைக்க வேண்டியதில்லை, "அவனுக்குத்தான் ஆசை" என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். பதினாறு வயதில் அகாடமி என்பது மாணவரின் முடிவு. பதினாறை இன்னும் பத்து மாதிரியே நடத்துவதுதான் நம் வீடுகளில் நடக்கும் கோளாறு. உண்மையில் முடிவு பதினைந்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்து காமர்ஸ் குரூப் எடுத்தால் என்டிஏவில் தரைப்படைக்கு மட்டும்தான் வழி. கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். அந்த நாளில் பையனிடம் யாராவது இதைச் சொல்கிறார்களா?

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசரம். உச்ச நீதிமன்றத்தின் ஆகஸ்ட் 2021 இடைக்கால உத்தரவுக்குப் பிறகுதான் அவர்களால் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. முதல் அணியில் 17 பெண்கள் மே 2025ல் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். உத்தரவு வந்த அன்றே வயது தாண்டியிருந்த பெண்களுக்கு அது வெறும் செய்தி. இன்றைக்கு வயது இருக்கிற பெண்ணும் இந்த விதியைப் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் கேள்விப்படுகிறாள் என்றால், அதற்கு நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது.

யுபிஎஸ்சி செய்ய வேண்டியது, குறைந்தபட்சம் அறிவிப்பையாவது தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தர வேண்டும். நாம் செய்யக்கூடியதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் தயாராகும்போதே பிறந்த தேதியை மாணவரே பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப் பார்க்கட்டும். தப்பிருந்தால் திருத்த அதுதான் நேரம். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் மாணவருடையதாக இருக்கட்டும். விண்ணப்பத்தை அவரே நிரப்பட்டும், அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சரிபார்க்கட்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகிறவர் என்பதால் அந்த நாற்காலிக்கு அவருக்கு முழு உரிமை உண்டு. கீபோர்டு மட்டும் பிள்ளையிடம் இருக்க வேண்டும்.