இருபது பைட் பேக்கப்

வேர்ட்பிரஸில் வேலை பார்ப்பவரின் உழைப்பில் கணிசமான பங்கு கோப்புகளில் இருக்காது. மெனு, விட்ஜெட், ப்ளக்இன் அமைப்புகள் எல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கும். நிரலைக் கிட்டில் ஏற்றிவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கு இது உறைப்பது, தன் கணினியிலுள்ள ஸாம்ப்பில் மைஎஸ்க்யூஎல் ஒருநாள் கிளம்ப மறுக்கும்போதுதான். அவசரத்தில் டேட்டா ஃபோல்டரிலிருந்து தன் புராஜெக்டின் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்து வைப்பார். ஐபிடேட்டா1 கோப்பு கூடவே வராததால், புதிய ஸாம்ப்பில் டேபிள்களின் பெயர் மட்டும் தெரியும்; திறந்தால் பிழைதான் வரும்.

ஆகவே பேக்கப் தானாக நடக்க வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை.

ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? தரவுத்தளத்தைக் கோப்பாக எடுக்கும் டம்ப் கட்டளையை ஸ்கிரிப்டாக்கி, இரவு 2 மணிக்கு ஓட்டும்படி கிரானிடம் ஒப்படைக்கிறோம். சர்வரிலிருந்து அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்த பழக்கம் இது. அந்நேரத்தில் லேப்டாப் மூடிக் கிடக்கும். தவறிய வேளையைக் கிரான் பிறகு ஈடுகட்டாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரோ, அமைப்பை மாற்றாவிட்டால், சார்ஜர் செருகியிருந்தால்தான் வேலையைத் தொடங்கும். வேர்ட்பிரஸ்காரர்கள் உள்ளூரில் வேலை செய்யப் பயன்படுத்தும் விவிவி இதில் கெட்டிக்காரத்தனமானது: வேக்ரன்ட் ஹால்ட் கொடுத்தவுடன் தரவுத்தளங்களை டம்ப் எடுத்துவிட்டுத்தான் நிற்கும்.

நேரக் கோளாறையாவது சரிசெய்துவிடலாம். மோசமானது, தோற்றதே தெரியாமல் தோற்பது. டம்ப்பைப் பைப் வழியே ஜிஜிப்புக்கு அனுப்புகிறோம். பாஸ்வேர்டு மாறி டம்ப் படுத்துவிட்டாலும் ஜிஜிப் தன் கடமையைச் செய்து, 20 பைட்டில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, எல்லாம் சுபம் என்று முடித்துக்கொள்ளும். பாஷில் பைப்ஃபெயில் போடாத ஸ்கிரிப்டுக்கு விஷயமே தெரியாது. ஒரு வாரத்துக்கு முந்தையதை அழிக்கும் வரியும் அதிலேயே இருந்தால், பத்து நாளில் நல்ல நகல் ஒன்றுகூட மிஞ்சாது. கையால் எடுப்பவர் கோப்பின் அளவையாவது பார்த்திருப்பார்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேபின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது நடந்ததும் இந்த ரகம்தான். பதிப்புப் பொருத்தமின்மையால் அன்றாட டம்ப் முன்பே தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. காப்பாற்றியது, சோதனைத் தளத்துக்காக ஒரு பொறியாளர் சுமார் 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்.

உள்ளூர் தரவுத்தளம் பொதுவாகச் சிறியது. ஒவ்வொரு டம்ப்பையும் உடனே வேறொரு பெயரில் ஏற்றி, போஸ்ட் டேபிளின் வரிகளை எண்ணிப் பார்க்கச் சில நொடிகள் போதும். அந்தச் சோதனையைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டேட்டாபேசஸ் ஆப்ஷனோடு எடுத்த டம்ப்புக்குள் பழைய தரவுத்தளத்தின் பெயரும் யூஸ் கட்டளையும் பொதிந்திருக்கும். நீங்கள் எந்தப் பெயர் கொடுத்து ஏற்றினாலும் அது நேராக அசலின் மேலேயே போய் உட்காரும்.