கழுத்தை நீட்டுவதற்கு முன்

டக்!

செல்போனில் வீடியோ பார்ப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழகியிருக்கும். ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் அவர் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து ஓர் அமுக்கு அமுக்குகிறார். டக். தலையைப் பிடித்து ஒரு திருப்பு. டக், டக். சத்தம் கணீரென்று கேட்கவேண்டும் என்று மைக் வேறு. படுத்திருந்தவர் எழுந்து, 'பத்து வருஷ வலி சார், பறந்துபோச்சு' என்று கண்கலங்குகிறார்.

இந்த வைத்தியத்தின் பெயர் கைரோபிராக்டிக். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று அர்த்தம். மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. முதுகுவலிக்காரர்கள் 'ஒருதடவை போய்ப் பார்த்தால் என்ன?' என்று நினைப்பதில் தப்பே கிடையாது. ஆனால் போவதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'எதுக்கு?'

முதுகுவலிக்கு என்றால் ஒரு பதில். கழுத்துக்கு என்றால் வேறு பதில். குழந்தையின் ஆஸ்துமாவுக்கு என்றால் சுத்தமாக வேறு பதில். மூன்றையும் ஒரே போர்டில் எழுதி மாட்டுகிறார்களே, அங்கேதான் எனக்குத் தகராறு.

கதை 1895ல் அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் ஆரம்பிக்கிறது. டி.டி.பாமர் என்பவர் அங்கே காந்த சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அதற்கு முன்பு மளிகைக்கடை நடத்தியவர். அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்துவந்த ஹார்வி லில்லார்டுக்குப் பல வருடங்களாகக் காது கேட்கவில்லை. பாமர் அவர் முதுகெலும்பில் ஓரிடத்தை அமுக்கினாராம், காது கேட்டுவிட்டதாம். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது, முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. நோய்களில் 95 சதவிகிதம் முதுகெலும்பு விலகுவதால் வருகிறது என்று எழுதிவிட்டார். மிச்சம் 5 சதவிகிதம்? அது உடம்பின் மற்ற மூட்டுகள் விலகுவதால் வருகிறதாம். ஆக, நூற்றுக்கு நூறு!

இந்த 'விலகல்' தியரிக்கு சப்ளக்ஸேஷன் என்று பெயர். அதுதான் நோய்களுக்குக் காரணம் என்று சொல்ல மருத்துவ ஆய்வு ஆதாரம் கிடையாது, அது வெறும் வரலாற்றுக் கருத்து என்று 2010ல் அறிவித்தது யார் தெரியுமா? பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஜெனரல் கைரோபிராக்டிக் கவுன்சிலே.

அந்த அறிவிப்புக்கு முன்னால் பிரிட்டனில் ஒரு பெரிய ரகளை நடந்து முடிந்திருந்தது. நோயாளிகள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய ரகளை.

சைமன் சிங் அறிவியல் எழுத்தாளர். மாற்று மருத்துவத்தை ஆராய்ந்த பேராசிரியர் எட்ஸார்ட் எர்ன்ஸ்டுடன் சேர்ந்து, இந்த வைத்தியங்களை எடைபோடும் புத்தகம் ஒன்றை 2008ல் வெளியிட்டார். அதே வருடம் ஏப்ரலில் 'கார்டியன்' நாளிதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். குழந்தைகளின் வயிற்றுவலி அழுகை, காது சீழ், ஆஸ்துமா இதற்கெல்லாம் எங்கள் வைத்தியம் உதவும் என்று பிரிட்டிஷ் கைரோபிராக்டிக் அசோசியேஷன் சொல்லிக்கொள்கிறது, ஆதாரம் ஒன்றும் காணோமே என்பதுதான் சாரம். சொன்ன விதத்தில் காரம் கொஞ்சம் தூக்கல்.

'மறுப்பு எழுதுங்கள், இடம் தருகிறோம்' என்றது பத்திரிகை. ஆதாரம் கையில் இருக்கிறவர் என்ன செய்வார்? எடுத்து மேஜைமேல் போடுவார். அசோசியேஷன் போட்டது அவதூறு வழக்கு. பத்திரிகைமீதுகூட அல்ல, சைமன் சிங் என்ற தனி ஆள்மீது.

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. வக்கீல் செலவு லட்சம் பவுண்டைத் தாண்டியது. நடுவில், 2009 ஜூனில், ஒருவழியாக 29 ஆவணங்கள் கொண்ட ஆதாரப் பட்டியலை அசோசியேஷன் வெளியிட்டது. விஷயம் தெரிந்தவர்கள் உடனே அதைப் பிரித்து மேய்ந்தார்கள். சில ஆய்வுகள் கைரோபிராக்டிக்கைப் பற்றியதே அல்ல. அந்தக் குழந்தை நோய்களுக்குப் பலன் உண்டு என்று அடித்துச் சொல்ல, தரமான ஆய்வு எதுவும் அதில் தேறவில்லை. 2010 ஏப்ரல் 1 அன்று அப்பீல் கோர்ட், சைமன் சிங் எழுதியது கருத்து, அந்த அடிப்படையில் அவர் வாதாடலாம் என்றது. அறிவியல் சர்ச்சையைத் தீர்க்கும் இடம் கோர்ட் அல்ல என்றும் குட்டியது. இரண்டே வாரத்தில் வழக்கு வாபஸ். இங்கிலாந்தின் அவதூறு சட்டமே 2013ல் திருத்தி எழுதப்பட்டதற்கு இந்த வழக்கும் ஒரு தூண்டுகோல்.

சரி, குழந்தைகளுக்கு ஆஸ்துமா போகுமா, போகாதா? இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1998ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசி'னில் கனடா நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. ஆஸ்துமா உள்ள 91 குழந்தைகள். வழக்கமான மருந்தோடு சேர்த்து பாதிப்பேருக்கு நிஜமான கைரோபிராக்டிக், மீதிப்பேருக்கு அதேபோல் பாவனை மட்டும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்குமே கொஞ்சம் தேவலை. வித்தியாசம்? குறிப்பிடும்படி இல்லை. வீடியோவில் கண்கலங்குகிறவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கவேண்டியதில்லை. ஒருவர் அக்கறையாகத் தொட்டு, அரைமணி நேரம் நம் பேச்சைக் கேட்டாலே பாதி வலி குறையும். அதற்கு எலும்பை ஏன் முறுக்கவேண்டும்?

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். புதிதாக வந்த கீழ்முதுகு வலிக்கு இந்தக் கைவைத்தியம் ஓரளவு உதவுகிறது. 'ஜாமா' இதழில் 2017ல் வந்த தொகுப்பாய்வின்படி, வலியை 100க்கு மார்க் போட்டால், ஆறு வாரத்துக்குள் சுமார் 10 மார்க் குறைகிறது. பத்து மார்க் மோசமில்லை. அற்புதமும் இல்லை. பலருக்கு அந்த வலி சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். நாள்பட்ட வலிக்கோ, உடற்பயிற்சி போன்ற மற்ற சிகிச்சைகளைவிட இது பெரிதாக எதையும் சாதிப்பதில்லை. இதே போன்ற கைவேலையைப் படித்துத் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட்களும் செய்கிறார்கள்.

அந்த 'டக்'? நாம் விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சமாசாரம்தான். 2015ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் வைத்து இழுத்துப் படம் பிடித்தார்கள். மூட்டுத் திரவத்தில் சட்டென்று வாயு வெற்றிடம் உருவாகும் நொடியில் சத்தம் வருகிறது. விலகிய எலும்பு கூடிவிட்டது என்பதற்கு அது அத்தாட்சி கிடையாது.

இனி கழுத்து. இங்கே விளையாட்டு வேண்டாம்.

கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாக இரண்டு ரத்தக்குழாய்கள் மூளைக்கு ஏறுகின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து, ஸ்ட்ரோக் வரலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்புவதற்கும் இந்தக் கிழிசலுக்கும் தொடர்பு காணப்படுவதாகவும், அதை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும் என்றும் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் 2014ல் அறிக்கை விட்டது. 2016ல் லாஸ் ஏஞ்சலிஸில் 34 வயது மாடல் அழகி ஒருவர் ஸ்ட்ரோக்கில் இறந்தபோது, கைரோபிராக்டர் கழுத்தைத் திருப்பியதில் கிழிந்த ரத்தக்குழாய்தான் காரணம் என்று அந்த ஊர் பிரேதப் பரிசோதனை அதிகாரி முடிவு சொன்னார்.

இது அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். ரத்தக்குழாய் ஏற்கெனவே கிழிந்து, அந்தக் கழுத்துவலிக்காகவே சிலர் வைத்தியம் தேடிப் போகிறார்கள், அதனால் பழி எங்கள்மேல் விழுகிறது என்று கைரோபிராக்டர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. வெடுக்கென்று திருப்புவதுதான் காரணம் என்று அந்த 2014 அறிக்கையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை புத்தியோடு பாருங்கள். வரவுப் பக்கத்தில் கொஞ்ச நாள் வலி நிவாரணம். அதற்கு வேறு பத்திரமான வழிகளும் உண்டு. செலவுப் பக்கத்தில், அபூர்வமாக என்றாலும், உயிர். இந்த பேலன்ஸ் ஷீட்டில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். முடிவெட்டி முடித்ததும் சலூனில் ஆசையாக ஒரு திருப்பு திருப்புவார்களே, அதற்கும் இதுவேதான்.

போயே தீருவேன் என்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போவது, கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, இதில் எது இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். எலும்பு தேய்ந்த பெரியவர்களை அமுக்குவதற்குப் படுக்கவைக்காதீர்கள். கைரோபிராக்டரிடம் எங்கே, எத்தனை வருடம் படித்தீர்கள் என்று கேளுங்கள். பிரிட்டனில் இருப்பதுபோல இவர்களுக்கென்று சட்டப்படியான தனி கவுன்சில் இந்தியாவில் இல்லை. விசாரிக்கவேண்டியது நீங்கள்தான். '24 சிட்டிங், இப்பவே பணம் கட்டினால் தள்ளுபடி' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாலைந்து தடவையில் தெரியாத குணம் இருபத்துநாலில் தெரியாது. பச்சைக்குழந்தையைக் கொண்டுவாருங்கள் என்றாலும் அப்படியே. சிகிச்சைக்குப் பின் தலைசுற்றல், பார்வை இரட்டையாவது, பேச்சு குளறுவது என்று எது வந்தாலும் அடுத்த சிட்டிங்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.

தாலிக்குக் கழுத்தை நீட்டுவதற்கு முன்னால் நம் வீடுகளில் எத்தனை விசாரணை! பையன் என்ன படிப்பு, என்ன வேலை, பழக்கவழக்கம் எப்படி என்று தெருவில் நாலு பேரிடமாவது கேட்போம். முன்பின் தெரியாத ஒருவர் தலையைப் பிடித்துத் திருப்புவதற்குக் கழுத்தை நீட்டும்போது, அந்த விசாரணையில் பாதியாவது வேண்டாமா?