துல்லியமான கோடும் முழுமையான மனிதரும்

சித்திரக்கதை, அசைவூட்டப்படம், சிறுவர் நூல் ஆகியவற்றுக்காக ஓவியர்கள் தாங்களே புதிதாகப் படைக்கும் கதைமாந்தர்களிடையே மாற்றுத்திறனாளிகளும் இன்று இடம்பெற்று வருகின்றனர். அத்தகைய பாத்திரங்களை வெறுங்கற்பனையால் நிரப்பிவிடாமல், துணைக்கருவிகளை நேரில் பார்த்தும், அவற்றைப் பயன்படுத்துவோரைக் கேட்டறிந்தும், மருத்துவ விவரங்களை ஒப்பிட்டும் வரைய வேண்டும் என்னும் நடைமுறையைச் 'சரிபார்த்து வரைதல்' என்று குறிப்பிடலாம். இந்த நடைமுறை இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதைக் கடைப்பிடித்துவிட்டாலே பாத்திரத்துக்கு உரிய மரியாதையும் கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை ஆராயப்பட வேண்டியது.

சக்கர நாற்காலியையே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் நாற்காலி, எவர் உடலுக்கும் பொதுவாக அகன்ற இருக்கையும், கைதாங்கிகளும், பின்னால் நிற்பவர் பற்றித் தள்ளுவதற்கான பிடிகளும் கொண்டது. நாள் முழுவதும் தம் கைகளாலேயே நாற்காலியை இயக்குபவருக்கான வகையோ, அவருடைய இடுப்பின் அகலத்துக்கு அளவெடுத்துச் செய்யப்படுவது; தோள்கள் தடையின்றி இயங்கும்படி அதன் முதுகுச்சாய்வு தாழ்வாக இருக்கும்; தள்ளும் பிடிகள் இல்லாமலேயே அது செய்யப்படுவதும் உண்டு. முதல்வகை நாற்காலியில் ஒரு கல்லூரி மாணவியை அமர்த்தி வரையும் ஓவியர், அவளைத் தள்ள இன்னொருவர் வேண்டும் என்னும் செய்தியையும் தாம் அறியாமலே சேர்த்து வரைந்துவிடுகிறார். கருவியில் நேரும் பிழை, பாத்திரத்தின் தன்னுரிமையைப் பறிக்கும் பிழையாக மாறுவது இவ்வாறுதான். ஜப்பானிய ஓவியர் தகெஹிகோ இனோவே 1999இல் தொடங்கிய 'ரியல்' என்னும் சித்திரக்கதைத் தொடரில், சக்கர நாற்காலிக் கூடைப்பந்து வீரர்களின் நாற்காலிச் சக்கரங்கள் மேற்புறம் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதும், வீரர்கள் உடலைத் திருப்பித் திசைமாற்றும் முறையும் அவ்வளவு கவனத்துடன் வரையப்பட்டிருப்பதால், நாற்காலி அவர்களுடைய விளையாட்டின் கருவியாகவே கண்ணில் படுகிறது. பரிதாபத்துக்கு அங்கு இடமே இல்லை.

எனினும், சரிபார்ப்பதற்கு ஓவியர்கள் நாடும் படங்களில் பெரும்பகுதி மேலைநாட்டு வாழ்க்கையைச் சார்ந்தவை என்பதால், கருவி சரியாகவும் இடம் தவறாகவும் அமைந்துவிடும் ஆபத்து உள்ளது. ஓட்டப் பந்தயத்துக்கென்று உருவாக்கப்பட்ட வளைந்த கார்பன் இழைத் தகடு, குதிகால் இல்லாதது. அதை அணிந்துகொண்டு அசையாமல் நிற்பதே கடினம். அதனை அன்றாடச் செயற்கைக் காலாக எண்ணி வரைவது பிழை. இதற்கு மாறாக, 1968 அளவில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், தரையில் குந்தவும், வெறுங்காலுடன் நடக்கவும், வயலில் இறங்கி வேலை செய்யவும் ஏற்றவாறு இந்திய வாழ்க்கையை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. சிற்றூர் உழவர் ஒருவரை வரையும் ஓவியருக்கு இவ்வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். காலமும் அவ்வாறே கவனிக்கத்தக்கது. இயற்கையான இளம்பிள்ளை வாதக் கிருமியால் இந்தியாவில் நேர்ந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் நாடு அந்நோயற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆகவே, சூம்பிய தொடையைக் கையால் அழுத்தி ஊன்றி நடப்பவராகவோ, கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் செல்பவராகவோ இளம்பிள்ளை வாதம் கண்ட ஒருவரை இன்றைய கதைக்குள் வரைய விரும்புவோர், பள்ளிச் சிறுவனை அன்றி வயதுவந்தவரைத்தான் பெரும்பாலும் வரைய வேண்டியிருக்கும்.

துல்லியம் என்பது நிழற்படம்போல வரைவது என்று பொருள்படாது. இதற்குச் சிறந்த சான்று, அமெரிக்க ஓவியர் சிசி பெல் 2014இல் வெளியிட்ட 'எல் டெஃபோ' என்னும் தன்வரலாற்றுச் சித்திரநூல். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறன் இழந்த அவர், தம்மையும் சுற்றியிருந்தோரையும் முயல்களாகவே வரைந்துள்ளார். ஆனால், மார்பில் கட்டிய பெட்டியிலிருந்து இரு காதுகளுக்கும் செல்லும் கம்பிகள், ஆசிரியர் அணிந்துகொள்ளும் ஒலிவாங்கி, அதன் வழியே ஆசிரியர் வகுப்பறையை விட்டு எங்குச் சென்றாலும் கேட்கும் ஓசைகள் என அவர் பயன்படுத்திய கருவியின் இயல்பு கதையில் தெளிவாகத் தெரிகிறது. மின்கலம் தீரத்தீர உரையாடல் குமிழிக்குள் இருக்கும் எழுத்துகள் மங்கி, இறுதியில் குமிழி வெறுமையாகிவிடுகிறது. உதடுகள் அசைவதைப் பார்த்தும் சொல் எட்டாத அனுபவத்தை வாசகர் அந்தப் பக்கத்திலேயே அடைகிறார். அதே 2014இல் மாட் ஃபிராக்‌ஷனும் டேவிட் ஆஹாவும் இணைந்து படைத்த 'ஹாக்கை' சித்திரக்கதை இதழின் பத்தொன்பதாம் பகுதி, சைகைமொழி உரையாடல்களை விளக்கம் தராமல் கைவடிவங்களாகவே வரைந்து, அம்மொழி அறியாத வாசகரைப் புறத்தே நிற்க வைத்தது. செவித்திறனற்றோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் நிலையை இடம்மாற்றிக் காட்டிய துணிவான உத்தி அது. சைகைமொழியில் முகபாவனையும் இலக்கணத்தின் பகுதி என்பதும், எழுத்துகளைக் காட்ட அமெரிக்கச் சைகைமொழி ஒரு கையையும் இந்தியச் சைகைமொழி இரு கைகளையும் பயன்படுத்துகின்றன என்பதும், இத்தகைய பாத்திரங்களை வரைவோர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியவை.

இனி, இந்த நடைமுறையின் குறைகள். மருத்துவக் குறிப்புகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு வரையும்போது, விவரம் கூடக்கூட மனிதர் மறைந்துபோவதும் உண்டு. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தையை வரைகையில், மேல்நோக்கிச் சாய்ந்த கண், தட்டையான மூக்குத்தண்டு, சிறிய காது எனப் பாடநூல் கூறும் அடையாளங்களை அப்படியே படியெடுப்பவர், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவிடுகிறார். அக்குழந்தை தன் தாயின் சாயலையோ பாட்டியின் தாடையையோ கொண்டு பிறந்திருக்கும் என்பது அவர் பட்டியலில் இல்லை. குடும்பச் சாயலை முதலில் வரைந்து, பிற கூறுகளை அதனுள் பொருத்துவதே உண்மைக்கு நெருக்கமான முறை.

கருவி சரியாக இருந்தும் கதை தவறிவிடும் இடங்களும் உள்ளன. 1964இல் தோன்றிய 'டேர்டெவில்' போன்ற பாத்திரங்களில், பார்வையின்மையை ஈடுசெய்ய அதிசயப் புலனாற்றல் வழங்கப்படுவதால், பார்வையற்றவரின் அன்றாட வாழ்க்கை கதையிலிருந்து விலகிவிடுகிறது. 'அவதார்' அசைவூட்டத் தொடரில் வரும் டோஃப் என்னும் சிறுமி, காலடி அதிர்வுகளால் சூழலை உணர்பவள் எனினும், மணலிலும் வானில் பறக்கும்போதும் அவ்வுணர்வு அவளுக்குத் தெளிவாகக் கிட்டுவதில்லை. அவ்வரம்பை மறைக்காததே அப்பாத்திரத்தின் சிறப்பு. ஆனால் வெளிறிய கண்களைப் பார்வையின்மையின் முத்திரையாக்கும் வழக்கத்தை அத்தொடரும் கைவிடவில்லை. பார்வையற்றோர் பலருடைய கண்கள் பிறர் கண்களைப் போலவே இருக்கும், பலருக்கு ஓரளவு பார்வையும் எஞ்சியிருக்கும். 1988ஆம் ஆண்டுச் சித்திரக்கதை ஒன்றில் சுடப்பட்டுச் சக்கர நாற்காலியை ஏற்ற பார்பரா கார்டன், 'ஆரக்கிள்' என்னும் பெயரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மதிப்புமிக்க பாத்திரமாக விளங்கியபின், 2011இல் மீண்டும் நடப்பவராக மாற்றப்பட்டபோது, மாற்றுத்திறனாளி வாசகர்கள் தங்களுக்கென்று இருந்த ஒரு பாத்திரம் பறிபோனதாக வருந்தியதில் நியாயம் உண்டு.

பிழைக்கு அஞ்சும் ஓவியர்கள், எளிதில் அடையாளம் தெரியும் சக்கர நாற்காலியையும் கறுப்புக் கண்ணாடியையும் மட்டுமே திரும்பத் திரும்ப வரைவது மற்றொரு குறை. 1995ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் தலசீமியா, ஹீமோஃபிலியா, கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. ஓவியங்களோ இன்னும் பழைய பட்டியலைக்கூட நிரப்பவில்லை.

மாற்றுத்திறனாளிகளைக் காட்சி ஊடகங்களில் சித்திரிப்பது பற்றி 2024 ஜூலையில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், அதீதப் புலனாற்றல் போன்ற கட்டுக்கதைகளைத் தவிர்க்கவும், மருத்துவ நிலையைச் சரிபார்க்கவும் கூறியதோடு, 'எங்களைப் பற்றிய எதுவும் எங்களை விலக்கிவிட்டு அல்ல' என்னும் கொள்கையையும் வலியுறுத்தியது. ஆனால், வரைந்து முடித்த படத்தைக் காட்டி ஒப்புதல் பெறுவது கலந்தாலோசனை ஆகாது. ஒருவரிடம் கேட்டுவிட்டு அக்குறைபாடு உள்ள அனைவருக்கும் அதுவே விடை என்று கொள்வதும் முறையன்று. தமிழில் சிறுவர் நூல்களையும் இதழ்களையும் வெளியிடுவோர், பாத்திரம் வெள்ளைத்தாளில் இருக்கும்போதே அத்தகைய வாழ்க்கையை வாழ்பவர்களை அழைத்துப் பேசவும், அவர்கள் செலவிடும் நேரத்துக்கு உரிய ஊதியம் வழங்கவும், மாற்றுத்திறனாளிகளான ஓவியர்களுக்கே அப்பணியை அளிக்கவும் முன்வர வேண்டும்.