உழைப்பின் உருவம்: ‘உழைப்பின் வெற்றி’யும் ‘சந்தால் குடும்ப’மும்

இருபதாம் நூற்றாண்டு இந்தியச் சிற்பக்கலையில், தெய்வத்திற்கும் ஆட்சியாளருக்கும் உரியதாயிருந்த இடத்தில் பெயரற்ற உழைப்பாளி இடம்பெற்றமை ஒரு பெருந்திருப்பமாகும். இதற்குச் சான்றாகத் தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் (1899–1975) ‘உழைப்பின் வெற்றி’யும் ராம்கிங்கர் பைஜின் (1906–1980) ‘சந்தால் குடும்ப’மும் ஒருசேரச் சுட்டப்படுவதுண்டு. இவ்விணைப்பு, உழைப்பு என்பதை இவ்விருவரும் எவ்வாறு பொருள்கொண்டனர் என்னும் அடிப்படை வினாவை மறைத்துவிடுகிறது.

சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரான ராய் சௌத்ரியின் வெண்கலச் சிற்பம் 1959இல் மெரினா கடற்கரையில் நிறுவப்பட்டது. ஆடவர் நால்வர் பாறையொன்றைப் பெயர்க்க முயல்கின்றனர். முறுக்கேறிய தசைகள், வளைந்த முதுகுகள், ஊன்றிய கால்கள் ஆகியவற்றில் ரோதேன் வழிவந்த உடலமைப்பு நெறி புலப்படுகிறது. தலைப்பு வெற்றியைக் கூறினும் பாறை இன்னும் பெயரவில்லை. இம்முரணே சிற்பத்தின் ஆற்றல். எனினும் இங்கு உழைப்பு தசையின் விசையாகவே சுருங்குகிறது. இவ்வுழைப்பாளர்களுக்கு வீடில்லை, உடன் பெண்களும் இல்லை.

சாந்திநிகேதனில் 1938இல் உருவான ‘சந்தால் குடும்பம்’ வேறு நெறியில் அமைகிறது. காவடித் தண்டைத் தோளில் சுமந்து ஆண் நடக்க, கூடையில் குழந்தை அமர்ந்திருக்க, மனைவியும் நாயும் உடன் செல்கின்றனர். தசையின் திரட்சியைவிட நடையின் சீர்மையே இங்கு முதன்மை பெறுகிறது. வெண்கல வார்ப்பை விடுத்துச் சிமெண்டையும் செம்புரைக்கல் சரளையையும் ராம்கிங்கர் நேரடியாகக் கையாண்டார். அதனால் அம்மக்கள் மிதித்து நடக்கும் மண்ணின் சொரசொரப்பே அவர்களது மேனியாயிற்று. ஆலைக்கு விரையும் பெண்களைக் காட்டும் அவரது ‘ஆலையின் அழைப்பு’ (1956) இப்பார்வையின் தொடர்ச்சியாகும்.

ராய் சௌத்ரியின் ஆக்கம் குறைபாடுடையது என்பது இதன் பொருளன்று. நகரின் பெருவெளியில், தொலைவிலிருந்து காண்போர்க்கும் விளங்க வேண்டிய நினைவுச்சின்னம் அது. தசையின் மிகைக்கு அந்நோக்கமும் காரணமாகும். ஆயினும் உழைப்பாளியை வலிமையின் குறியீடாக உயர்த்துவதும், வாழ்வுடைய மனிதராகக் காண்பதும் ஒன்றல்ல. முன்னது போற்றுகிறது, பின்னது உடன் நடக்கிறது. கருப்பொருளின் ஒற்றுமையைக் கொண்டு மட்டும் சிற்பங்களை வகைப்படுத்தும் திறனாய்வு, மூலப்பொருளும் உடல்நிலையும் உணர்த்தும் இவ்வேறுபாட்டைத் தவறவிடும்.