பேச்சுவார்த்தை: ஒரு செய்திச் சொல்லின் எழுவாய்

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகை நடையை ஆராய்வோர் பெரும்பாலும் வடசொற் கலப்பு, மொழிபெயர்ப்புச் சாயல் என்பவற்றோடு அமைந்துவிடுகின்றனர். ஒரு சொல் எவருக்கு வழங்கப்படுகின்றது, எவருக்கு மறுக்கப்படுகின்றது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. 'பேச்சுவார்த்தை' என்னும் சொல்லை அவ்வினாவுக்கு உட்படுத்துதல் எமது நோக்கம்.

'வார்த்தை' என்பது 'வார்த்தா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதற்குச் செய்தி என்ற பொருளுண்டு. மலையாளத்தில் இன்றும் 'வார்த்த' செய்தியே. கௌடலீயமோ உழவு, ஆநிரை, வாணிகம் ஆகிய மூன்றையும் 'வார்த்தா' எனத் தொகுத்துரைக்கும். பிழைப்பைச் சுட்டிய சொல் கூலி பற்றிய பேச்சுக்கும் வந்து வாய்த்தமை தற்செயலே, ஆயினும் சுவையானது.

இன்றைய செய்தி நடையில் இச்சொல் வெறும் உரையாடலைக் குறிப்பதில்லை. இரு தரப்பு, ஒரு மேசை, எதிர்பார்க்கப்படும் ஓர் இணக்கம் ஆகியவை அதனுள் அடங்கும். தலைப்பில் இடம் போதாதவிடத்து 'பேச்சு' எனக் குறுகும்; 'சுற்று', 'இழுபறி' என்னும் பரிவாரமும் உடன் வரும். 1985இல் திம்புவில் அரச தூதுக்குழுவும் தமிழ்த் தரப்பினரும் எதிரெதிர் அமர்ந்தபோது, பேசுவோர் எவரென்பதில் வாசகருக்கு ஐயமிருக்கவில்லை.

பன்விலவை எடுத்துக்கொள்வோம். வத்தேகமையிலிருந்து மடுல்கலைக்கு ஏறும் வழியிலுள்ள தேயிலைப் பிரதேசம் இது. இத்தகைய தோட்டங்களிலே ஒரு பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து, எந்நிலையில் அரைப்பேர் என்பன குறித்துத் தோட்டத் தலைவர் துரையோடு பேசுவது வழக்கம். இரு தரப்பு உண்டு, கோரிக்கை உண்டு, விட்டுக்கொடுப்பும் உண்டு. எனினும் செய்தியில் இது பேச்சுவார்த்தை ஆவது அரிது. வேலை நின்றுபோனால் 'முறுகல்' என்றோ 'வாய்த்தர்க்கம்' என்றோ 'பணிப்பகிஷ்கரிப்பு' என்றோ அச்சேறும். அதே கூலிப் பிரச்சினையைக் கொழும்பிலே தொழிற்சங்கத் தலைமைகளும் முதலாளிமார் சம்மேளனமும் பேசும்போது சொல் உயர்ந்துவிடுகின்றது. சொல்லைத் தீர்மானிப்பது பொருளன்று, இருக்கையே.

வாக்கிய அமைப்பு இதனினும் நுட்பமானது. 'தோட்டத் தொழிலாளரின் சம்பளம் தொடர்பான பேச்சுவார்த்தை இடம்பெற்றது' என்பது நன்கு பழகிய வாய்பாடு. இதில் தொழிலாளர் ஆறாம் வேற்றுமையுள் ஒடுங்குகின்றனர். 'இடம்பெற்றது' என்னும் வினைக்குப் பேச்சுவார்த்தையே எழுவாய், பேசியவர் எவருமில்லை. 'பேச்சுவார்த்தை தோல்வி' என்னுமிடத்தும் தோற்றது பேச்சுவார்த்தைதான், மறுத்தவர் மறைந்துவிடுகின்றார். 1000 ரூபா நாட்சம்பளம் கோரப்பட்ட காலத்தில், 2019 ஜனவரிக் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 500 ரூபாவிலிருந்து 700 ரூபாவாக்கியதோடு நின்றது. 1000 ரூபா 2021இல் சம்பள நிர்ணய சபையின் வாயிலாகவே கிடைத்தது. எஞ்சிய 300 ரூபாவை மறுத்தவர் எவரென்பதை அவ்வாய்பாட்டிலிருந்து அறியவியலாது.

இவ்விலக்கணத்துக்கு ஒரு வரலாறுண்டு. 1964 அக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு அரசுகள் பேசின. மலையக மக்கள் அங்கு தரப்பாக அன்றித் தொகையாகவே இருந்தனர்.

சுருக்கம் கருதி அவ்வாறு எழுதுகிறோம் எனச் செய்தியாளர் கூறலாம். 'தோட்டத் தலைவர்கள் துரையுடன் பேச்சுவார்த்தை நடத்தினர்' என்பது அவர்களுடைய வாய்பாட்டைவிடச் சிறியது.