சமநேரப் புள்ளி

விமான சிமுலேட்டரில் அட்லாண்டிக்கைக் கடக்கிற கட்சிக்காரர்களோடு எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. லண்டனில் ஏறி நியூயார்க்கில் இறங்குவது சுகமான வேலைதான். அதைப் போய் ‘ரூட் போட்டேன்’ என்று அவர்கள் சொல்லும்போதுதான் நெருடுகிறது. அந்தக் கடலின் விமானக் கட்டுப்பாட்டு மையங்களான ஷான்விக்கும் கேண்டரும் நாளுக்கு இரண்டு தடவை தடங்களை வகுத்து வெளியிடுகின்றன. காற்றைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளும் வேலையை வேறு யாரோ முடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது நகலெடுப்பு. என்னைக் கேட்டால் சிமுலேட்டரில் கடல்வழி என்பது ஒன்றே ஒன்றுதான்: இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் கொக்கல ஏரியில் எழும்பி, பெர்த்தின் ஸ்வான் ஆற்றில் இறங்குவது. அதுவும் கேட்டலைனா என்ற பறக்கும் படகில்.

1942-ல் சிங்கப்பூர் விழுந்து, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இருந்த விமானத் தொடர்பு அறுந்த பிறகு, 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் ஓட்டிய வழி அது. ஏறக்குறைய 3,050 கடல்மைல். நடுவில் இறங்காமல் 27 மணி நேரத்திலிருந்து 33 மணி நேரம் வரை. சுமப்பதோ 69 கிலோ தபாலும், மிஞ்சிப்போனால் மூன்று பயணிகளும். மற்ற எடையெல்லாம் பெட்ரோல். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். இந்த வழியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அந்தச் சான்றிதழிலேயே நின்றுவிடுகிறார்கள். நான் நாவிகேட்டரின் மேசைப் பக்கம் நிற்கிறவன். போர்க்காலம் என்பதால் ரேடியோவில் வாய் திறக்கக் கூடாது. செக்ஸ்டன்ட், கடிகாரம், பென்சில், அவ்வளவுதான். ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே சூட்டியிருந்தார்கள்: ஆல்டேர், வேகா, ரிகல், ஆன்டாரீஸ், ஸ்பைகா. நாவிகேட்டருக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்ய முடியாது.

வரைபடத்தில் கோட்டைப் போட்டுப் பாருங்கள். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழியான பெருவட்டப் பாதையின் வளைவைக் காட்டி அட்லாண்டிக்காரர்கள் அடிக்கிற பெருமை இங்கே செல்லாது. பூமத்திய ரேகையைச் சரிவாக வெட்டிக்கொண்டு போவதால், பெருவட்டம் 140 டிகிரியில் கிளம்பினால் நேர்கோடு 138-ல் கிளம்புகிறது. மொத்தத் தூரத்தில் சில மைல்தான் வித்தியாசம். பாதி வழிக்குச் சற்று முன்னால் கோடு கோகோஸ் தீவுகளை உரசுகிறது. 1939-ல் பி.ஜி. டெய்லர் ‘குபா’ என்ற கேட்டலைனாவில் இந்தக் கடலை ஆராயப் போனபோது இறங்கிய இடம். என்னைப் போன்ற செஞ்சிக்காரனுக்கு இதில் தனிக் குஷி உண்டு. நம் ஊர் வடக்கே 12 டிகிரி 15 நிமிடத்தில் இருக்கிறது. கோகோஸ் தெற்கே 12 டிகிரி 11 நிமிடத்தில். இங்கே மொட்டை மாடியில் நின்றால் துருவ நட்சத்திரம் எந்த உயரத்தில் தெரிகிறதோ, கோகோஸில் தென்துருவப் புள்ளி கிட்டத்தட்ட அதே உயரத்தில் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளியில் உருப்படியாக ஒரு நட்சத்திரம்கூடக் கிடையாது.

இவ்வளவும் முன்னுரை. நான் உருகுவது சமநேரப் புள்ளிக்கு: முன்னால் போனாலும் திரும்பினாலும் கரை சேர ஒரே நேரம் ஆகிற இடம். ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்வோம். கிளம்பியதும் தென்மேற்குப் பருவக்காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளும். பூமத்திய ரேகை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தென்கிழக்கு வணிகக்காற்று எதிரே வரும். பெர்த்தை நெருங்கும்போது மேற்குக்காற்று கைகொடுக்கலாம். கேட்டலைனாவுக்கு 110 நாட் வேகம் வைத்து, சராசரியாக 10 நாட் எதிர்காற்று என்றால், போக 100, திரும்ப 120. சமநேரப் புள்ளி 1,525-லிருந்து 1,664 மைலுக்குப் போய்விடுகிறது. தூரத்தைப் பாதியாக மடித்தவன், திரும்பினால் சீக்கிரம் கரை சேரக்கூடிய இடத்தில் முன்னால் போய்க்கொண்டிருப்பான். அந்த 10 நாட்டும் வழி முழுக்க ஒரே மாதிரி வீசாது என்பதால் காற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி போட வேண்டும். அதோடு, பெட்ரோல் கனத்தில் முதல் சில மணி நேரம் ஒற்றை இஞ்சினில் உயரம் நிற்காது. அதுவரை எந்தப் புள்ளியும் காகித ஆறுதல்தான். பிளான் போட்டவனின் கை தெரிவது இந்த இடத்தில்.

இன்றைக்கு சிம்பிரீஃப் என்ற பிளான் போடும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் காற்று, எரிபொருள் எல்லாம் அச்சடித்த மாதிரி வந்து விழுகிறது. நல்லதுதான். வந்து விழுந்ததை யார் படிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. 16 மடங்கு வேகத்தில் கடலைச் சுருட்டிவிட்டு, கரை தெரிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். 2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து அதன் ராஜகிரி மலையைத் தாழப் பறந்து சுற்றுகிற பையன்களையும் பார்க்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. கடலில் பார்க்க ஒன்றுமில்லை என்று அவர்கள் சொல்லும்போதுதான் வாய் சும்மா இருப்பதில்லை.

எங்கள் ஊரில் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட வருஷங்களில் நாங்கள் பழகிய விதம் வேறு. யுபிஎஸ் எந்த நிமிடமும் கைவிடும். அதனால் மணிக்கு ஒரு தடவை அட்சரேகை, தீர்க்கரேகை, மிச்ச எரிபொருள் மூன்றையும் நோட்டில் குறித்துவைப்போம். கரண்ட் வந்ததும் அந்த இடத்திலிருந்து தொடருவோம். சலிப்பான வேலை என்று அப்போது திட்டியிருக்கிறோம். கேட்டலைனா நாவிகேட்டர்கள் இருட்டில் செய்ததும் அதே கணக்கெழுத்துதான் என்பது பிறகு படித்தபோது புரிந்தது. மின்சாரம் ஒழுங்கானது, கணக்கு நோட்டு காணாமல் போனது.

புதிதாகக் கடல்வழி போட்டுக் காட்ட வருகிறவர்களிடம் எந்த விமானம், எந்தச் சிமுலேட்டர் என்றெல்லாம் நான் விசாரிப்பதில்லை. கோட்டின் மேல் ஏதோ ஓர் இடத்தில் விரலை வைத்து, “தம்பி, இங்கே ஒரு இஞ்சின் நின்றால் எந்தப் பக்கம் திரும்புவாய், ஏன்?” என்று கேட்பேன். அந்த ‘ஏன்’ பதில் வருகிறவரைக்கும் அவர் போட்டது ரூட் இல்லை, வெறும் கோடு.